தண்ணீர் என்று சொன்னவள்

பொய் அதிகம் சொல்லப்படுவது கோர்ட்டில்தான் என்று நினைப்பவர்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், லேப்டாப் பழுது பார்க்கும் கடையில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். படித்தவர், படிக்காதவர், பெரிய பதவியில் இருப்பவர், அந்தப் பதவிக்காக அலைபவர், எல்லாரும் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணுக்கு நேராகப் பார்த்து, ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள். "தண்ணிதாங்க கொட்டிருச்சு."

தண்ணியாவது, மண்ணாங்கட்டியாவது. கீபோர்டைத் தூக்கினால் அடியில் டீத்தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். எறும்பு வரிசை கட்டிப் போய்க்கொண்டிருக்கும். ஒருவர் கொண்டுவந்த லேப்டாப்பில் ஸ்பேஸ் பாருக்கு அடியில் எலுமிச்சை விதை கிடந்தது. எடுத்துக் காட்டினால் மனிதர் அசரவே இல்லை. "தண்ணியில எப்படிங்க விதை வந்துச்சு?" என்று கடைக்காரரையே திருப்பிக் கேட்டார்.

அந்தக் கடைக்காரருக்குக் கட்டடம் முழுக்க வக்கீல் என்று பெயர். சட்டப் புத்தகத்தின் அட்டையைக்கூடப் பார்த்தவர் இல்லை. ஆனால் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று அவர் போடும் குறுக்கு விசாரணையில் எப்பேர்ப்பட்ட ஆளும் கடைசியில் ஒப்புக்கொண்டுவிடுவார். "பக்கத்துல யார் இருந்தாங்க? கோப்பையா, டம்ளரா? சூடா இருந்துச்சா? துடைச்ச துணி என்ன கலராச்சு?" இந்தத் துணிக் கேள்வியில்தான் பெரும்பாலும் சிக்குவார்கள். தண்ணீரைத் துடைத்த துணிக்கு ஏது கலர்?

அவருடைய மனைவிக்கு வைத்த பெயர் மோப்பக்காரி. எதிர்க் கடை ஜெராக்ஸ்காரர் விளையாட்டாக வைத்தது, ஒட்டிக்கொண்டது. வக்கீலுக்கு முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. அவள்தான், "இருக்கறதைத்தானே சொல்றாங்க, விடுங்க" என்று சிரித்துவிட்டாள்.

மாடிப்படிக்கு அடியில் இருக்கிற கடை அது. கூரை சரிந்துகொண்டே போகும். உயரமானவர்கள் தலையில் இடித்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். முன்னால் கவுண்டர், அது வக்கீலின் ராஜ்யம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவளுடைய மேஜை. நீளக் கையில் மாட்டிய வட்ட லென்ஸ் விளக்கு, பல் தேய்க்கும் பிரஷ்கள், ஸ்க்ரூக்களைப் போட்டுவைக்கும் காந்தத் தட்டு, பழைய ஹேர் டிரையர், ஸ்பிரிட் பாட்டில், பேட்டரிக்கு ஊற்றுவார்களே அந்தச் சுத்தத் தண்ணீர் கேன்கள். மேஜைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டிதான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. கீபோர்டைக் குளிப்பாட்டத்தான் வாங்கினார்கள்.

கல்யாணமான புதிதில் அவள் டிவி ரிமோட் செய்கிற கம்பெனியில் இருந்தாள். நாள் முழுக்க ரப்பர் பொத்தான் விரிப்பைச் சர்க்யூட் மேல் பொருத்துகிற வேலை. கம்பெனியை மூடினார்கள், வீட்டில் உட்கார்ந்தாள். வக்கீல் அப்போது சார்ஜரும் கவரும் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு நாள் தன் சொந்த லேப்டாப் மேலேயே எதையோ கொட்டிக்கொண்டு, அசடு வழிய வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். "தண்ணி பட்டுருச்சு" என்றார். அவள் வாங்கி, மூக்கருகே வைத்து முகர்ந்துவிட்டு, "இது நான் காலையில போட்டுக் குடுத்த காபி. குடிக்காம மேல கொட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். அன்று சாயங்காலம் சமையல் மேடையில் வைத்து அதைப் பிரித்தாள். "நம்ம ரிமோட்டு மாதிரிதாங்க இருக்கு உள்ள" என்றாள். மறுநாள் லேப்டாப் ஓடியது. வக்கீல் அன்று திறந்த வாயை இன்னும் முழுசாக மூடவில்லை.

என்ன கொட்டியது என்று தெரியாமல் அவள் வேலையைத் தொடங்க மாட்டாள். அது பிடிவாதம் இல்லை, வேலையின் கணக்கு அப்படி. வெறும் தண்ணீர் என்றால் கழுவவே வேண்டாம், பிரித்து நன்றாகக் காயவைத்தால் போதும். சர்க்கரை கலந்தது என்றால் காயவைக்கவே கூடாது. காய்ந்தால் பிசினாகப் பிடித்துக்கொள்ளும். கீபோர்டைத் தனியாகக் கழற்றித் தொட்டியில் முழுசாக முக்கி அலசியாக வேண்டும். உப்பு என்றால் கையில் இருக்கிற எல்லா வேலையையும் தள்ளிவைத்துவிட்டு அதைத்தான் பார்க்க வேண்டும், செம்பைத் தின்றுவிடும். கொண்டுவருபவர்கள் உண்மையைச் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி. எங்கே சொல்கிறார்கள்? அதனால்தான் வாசலில் வக்கீல், உள்ளே மூக்கு.

பேட்டரியைக் கழற்றிவிட்டுக் குனிவாள். கண்ணை மூடிக்கொள்வாள். நெற்றி லேசாகச் சுருங்கும். "பால் விட்ட டீ. இஞ்சி தட்டிப் போட்டிருக்காங்க" என்பாள். வந்தவர் முகம் வெளுத்துப்போகும். ஒருமுறை ஒரு பெரிய மனிதர் மனைவியோடு வந்து, ஜன்னல் வழியாக மழைச் சாரல் அடித்துவிட்டது என்றார். மோப்பக்காரி குனிந்தாள், நிமிர்ந்தாள், அந்த அம்மாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஆமா, சாரல்தான். கொஞ்சம் காரமான சாரல்" என்று மட்டும் சொன்னாள். சரக்கு என்று சொல்லாமல் விட்டதற்கு மனிதர் கையெடுத்துக் கும்பிடாத குறை.

இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும், அவள் குனிகிற ஒவ்வொரு தடவையும் வக்கீலுக்கு ஒரு படபடப்பு வரும். ஒரு மனுஷியின் மூக்குக்குள் இத்தனையும் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருப்பார். ஆனால் அவளைப் பற்றி அவர் வியந்ததெல்லாம் வியப்பே இல்லை என்று ஆக்கியது ஒரு மத்தியானம்.

சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த நேரம். ஒரு பெண் துண்டில் சுற்றிய லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள் என்று சட்டையில் குத்தியிருந்த அட்டை சொன்னது. கண்ணுக்கு அடியில் கருமை, தூங்கி நாளாகியிருக்கும்.

"வாங்கம்மா. என்ன கொட்டுச்சு?" என்று வக்கீல் ஆரம்பித்தார்.

"தண்ணிண்ணே. நேத்து காலையில."

வக்கீல் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். "யார் கொட்டினது?"

"நான்தான். டம்ளரை வைக்கப் போனேன், கை தட்டிருச்சு. துடைச்சு, கவுத்து வச்சேன். அதுல இருந்து எந்தக் கட்டையை அமுக்கினாலும் வேற என்னமோ வருது, தன்னால எழுத்து ஓடுது. அப்புறம் நின்னே போச்சு." அவள் கவுண்டரில் துண்டைப் பிரித்தாள். "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கெடைக்குமாண்ணே? பாப்பா இது இல்லாம மருந்து குடிக்க மாட்டா."

என்ன மருந்து என்று வக்கீல் கேட்டிருக்க வேண்டியதில்லை. வாய் சும்மா இருக்காதே, கேட்டார். அவள் சொன்னாள். மகள் இரண்டாம் வகுப்பு. போன வருஷம் வலிப்பு வந்தது. மருந்து ஆரம்பித்ததும் நின்றது. இப்போது சில மாதமாக மறுபடி வருகிறது. போன வாரம் பள்ளிக்கூடப் படிக்கட்டில் வந்து, உருண்டு, நெற்றியில் தையல். கணவன் கப்பலில் வேலை, கூப்பிட்ட நேரத்துக்கு லைன் கிடைக்காது. இப்போது குழந்தையைத் தங்கை பார்த்துக்கொள்கிறாள்.

"ரத்தத்துல மருந்தே தெரியலைங்கறாங்க" என்றாள். "ரெண்டு தடவை அளவைக் கூட்டிட்டாங்க. அப்பவும் தெரியல. ஒழுங்காக் குடுக்கறீங்களான்னு டாக்டர் என்னைக் கேக்கறாரு. என் கையாலதாண்ணே குடுக்கறேன், ஒரு வேளை தவறினதில்ல. நாளைக்கு வேற மருந்து ஆரம்பிக்கறாங்க. அது ரொம்பப் பலமானதாம். நாள் பூரா தூங்கிட்டே இருப்பாளாம், பள்ளிக்கூடமெல்லாம் மறந்துர வேண்டியதுதானாம். வேற வழியில்லன்னுட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "எப்பவும் இதுல படம் போட்டு உக்கார வச்சுத்தான் மருந்து குடுப்பேன். ஃபோன்ல போட்டுக் குடுத்தா வாயை இறுக்கி மூடிக்கிறா. படத்தை இதுலதான் பாப்பாளாம். நேத்துல இருந்து மருந்தே உள்ள போகல. ராத்திரி என்ன ஆகுமோன்னு உக்காந்தே இருந்தேன்."

கல்நெஞ்சக்காரர் இல்லை வக்கீல். ஆனால் தொழில் என்று ஒன்று இருக்கிறதே. பாவப்பட்டவர்களும் டீ குடிக்கத்தான் செய்கிறார்கள்.

"சரிம்மா, பண்ணிடலாம். பக்கத்துல வேற ஏதாச்சும் இருந்துச்சா? டீ, ஜூஸ்?"

"இல்லண்ணே. தண்ணிதான்."

பேச்சைக் கேட்டுக்கொண்டே மோப்பக்காரி எழுந்து வந்தாள். லேப்டாப்பைத் திருப்பி, அடிமூடியைக் கழற்றி, முதல் காரியமாகப் பேட்டரி இணைப்பைப் பிடுங்கினாள். மறுபடி திருப்பி வைத்துக் குனிந்தாள். வழக்கமாக ஒரு மூச்சுதான். அன்றைக்கு இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரைக்கும் முகத்தை மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள். வலது ஓரத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"இனிப்பு இருக்கு" என்றாள். "ஏதோ பழம் மாதிரி."

வக்கீல் அந்தப் பெண்ணைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை அவர் பின்னாளில் எத்தனையோ முறை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார். "பாத்தீங்களாம்மா? ஜூஸ்தானே? சொல்றதுக்கு என்ன இருக்கு இதுல? துடைச்ச துணி என்ன கலராச்சு, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"கலரெல்லாம் ஆகலண்ணே. எங்க வீட்டுல ஜூஸே வாங்கறதில்ல."

"குழந்தை கொட்டியிருப்பா, உங்களுக்குத் தெரியாம இருந்திருக்கும். இல்ல, தெரிஞ்சும்..."

அந்தப் பெண் சத்தம் போடவில்லை. கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எங்க போனாலும் என்னையே நம்ப மாட்டேங்கறீங்க" என்றாள். "ஆஸ்பத்திரியில மருந்து குடுத்தேன்னா நம்பல. இங்க தண்ணின்னா நம்பல. நான் வேற என்னதான் சொல்றது?" கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கியது. அவள் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"அழாதீங்கம்மா. ஜூஸா இருந்தாலும் சரி பண்ணிடலாம், அதான் சொல்றேன்" என்று வக்கீல் ஆறுதல் சொன்னார். ஆறுதலா அது? வாய் நீளமாக இருக்கிறவர்களுக்குப் புத்தி எந்த நேரத்தில் வேலை நிறுத்தம் செய்யும் என்று சொல்லவே முடியாது.

அவளை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு வக்கீல் உள்ளே போனார். சர்க்கரைதான் என்று முடிவாகிவிட்டது, அப்புறம் என்ன யோசனை? தொட்டியை வெளியே இழுத்து, கேனைக் கவிழ்த்து ஊற்றினார். மோப்பக்காரி அதற்குள் ஸ்க்ரூக்களைத் தட்டில் போட்டு, நாடா வயரை விடுவித்து, கீபோர்டைத் தனியாகத் தூக்கியிருந்தாள். வலது பக்கம் கணக்குப் போடுவதற்கென்று தனியாக எண் கட்டைகள் இருக்கிற அகலக் கீபோர்டு. இரண்டு கையாலும் பிடித்துத் தொட்டிக்கு மேலே கொண்டுவந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

"முக்கேன்" என்றார் வக்கீல்.

"அந்தப் பொண்ணு பொய் சொல்லலைங்க."

"நீதானே இனிப்புன்னே?"

"இனிப்பு இருக்கு. தண்ணியும் கொட்டியிருக்கு. ரெண்டும் ஒண்ணாக் கொட்டல." அவள் கீபோர்டைத் தொட்டிக்கு மேலிருந்து விலக்கினாள். "ஜூஸ் ஒரு டம்ளர் கவுந்திருந்தா வாசனை எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கும். இது இந்த நம்பர் பக்கம் கெட்டியா இருக்கு. இடது பக்கம் போகப் போக லேசாயிட்டே போகுது. முன்னாடியே இங்க ஏதோ இருந்திருக்கு. தண்ணி வந்து அதைக் கரைச்சு எல்லா எழுத்துக்கும் இழுத்துட்டுப் போயிருக்கு."

"அழறதைப் பாத்து நம்பிட்டியா?"

"அழறதுக்கு முன்னாடியே நம்பினேன். துணி கலராகலன்னு சொன்னப்ப யோசிக்காமச் சொன்னா."

வக்கீலுக்கு அது உறைத்தது. துணிக் கேள்வி அவருடையது. பதில் காதில் விழவும் செய்தது. அவர்தான் அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் கீபோர்டை லென்ஸ் விளக்குக்குக் கீழே வைத்தாள். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விட்டு எண் கட்டைகளை ஒவ்வொன்றாக நெம்பினாள். மேல் வரிசையில் ஒன்று வரவே இல்லை. ஸ்பிரிட்கூடத் தொடாமல், பொறுமையாக நான்கு பக்கமும் தளர்த்தி எடுத்தாள். பட்டென்று பெயர்ந்து வந்தது. அவள் மூச்சை உள்ளே இழுத்தது வக்கீலுக்குக் கேட்டது.

"இங்க வந்து பாருங்க."

அவர் குனிந்து லென்ஸ் வழியாகப் பார்த்தார். கட்டை இருந்த குழிக்குள் ரோஸ் நிறத்தில் என்னவோ கெட்டியாக உறைந்திருந்தது. பெயர்ந்த இடத்தில் அதன் விளிம்பு தெரிந்தது. சுவர் பெயர்ந்த இடத்தில், வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியுமே, அது மாதிரி படிவு மேல் படிவு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது விழுந்திருக்கிறது. எண்ண முடியாத அளவுக்கு. ஒரு நாளில் நடந்ததல்ல, ஒரு மாதத்தில் நடந்ததுமல்ல.

"அடியில பாருங்க, மெல்லிசா இருக்கு" என்றாள் அவள் தாழ்ந்த குரலில். "நடுவுல கொஞ்சம் தடிமன். மேல வந்ததும் இன்னும் தடிமன். ரெண்டு தடவை கூடியிருக்கு."

ரெண்டு தடவை. கவுண்டரில் கேட்ட சொல் அது. வக்கீல் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே கண்ணாடித் தடுப்பைத் தாண்டி அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, கொஞ்சம் உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள். "பாப்பா படம் பாக்கறப்ப எந்தப் பக்கமா உக்காருவா?"

"வலது பக்கம். சுவரோரமா. ஏன்க்கா?"

"மருந்து என்ன கலர்?"

"ரோஸ்." கைப்பையைத் திறந்தாள். வருகிற வழியில் வாங்கிய புது பாட்டில் அதில் இருந்தது. "இதான்."

மோப்பக்காரி மூடியைத் திருகி ஒருமுறை முகர்ந்தாள். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து அதன் மேல் ஒரு சொட்டு விட்டாள். பக்கத்தில், குழியிலிருந்து பெயர்ந்த துணுக்கு ஒன்றை வைத்து, அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். துணுக்கு மெதுவாகக் கரைந்தது. இரண்டு ரோஸ் வட்டங்கள் தாளில் பக்கத்தில் பக்கத்தில் பரவின. எது எது என்று தெரியாத அளவுக்கு ஒரே நிறம்.

ஊரையே பேசவைக்கிற வக்கீல் மனைவியைப் பார்த்தார். இதை ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? மனைவிதான் சொன்னாள்.

"ஸ்பூனை வாயில வச்சதும் நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பாட்டிலை மூடிட்டு, ஸ்பூனைக் கழுவப் போவேன். அப்படியே குடிக்கத் தண்ணி கொண்டுவருவேன். அந்த டம்ளர்தான் நேத்து..." அவள் பார்வை தாளுக்குப் போயிற்று. அங்கிருந்து குழிக்கு. மறுபடி தாளுக்கு.

"மருந்து வாய்க்குள்ள போயிருக்கு தங்கச்சி. வயித்துக்குள்ள போகல."

யாரும் தொடாத கட்டைகள் அவை. அந்த வீட்டில் எண் கட்டையைத் தட்டிக் கணக்குப் போட யார் இருக்கிறார்கள்? படுக்கையில் துப்பினால் தெரியும், தரையில் துப்பினால் ஒட்டும், சட்டையில் விட்டால் கறை. இரண்டாம் வகுப்புக் குழந்தை வீடு முழுக்கப் பார்த்து, பெரியவர்கள் கண்ணில் படாத ஒரே இடத்தைக் கண்டுபிடித்து, அம்மா குழாயடிக்குப் போய்வருவதற்குள் சத்தமில்லாமல் ஒழுகவிட்டிருக்கிறது. வக்கீல் அந்தக் குழந்தையை நினைத்தும் வியந்தார். அந்த வியப்பில் பயமும் இருந்தது.

அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். "அப்ப... மருந்து கேக்காமப் போகலையா?"

"உள்ள போனாத்தானே கேக்கும்."

"அவ உடம்புக்கு இந்த மருந்து ஒத்துக்கலன்னு இல்லையே?"

"எனக்கு உடம்பைப் பத்தித் தெரியாது தங்கச்சி. இதுல இருக்கறது மட்டும்தான் தெரியும். இவ்வளவும் இங்கதான் இருக்கு."

அந்தப் பெண் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையாக மாறியது. அழுகையா, சிரிப்பா என்று சொல்ல முடியாமல் உடம்பு குலுங்கியது. சட்டென்று பாட்டிலைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். "இப்பவே போறேன். நானே மடியில வச்சு, முழுசா ஊத்தி விழுங்க வைக்கறேன்" என்று கிளம்பினாள்.

மோப்பக்காரி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "இருங்க. ரெண்டு தடவை கூட்டின அளவு அது. இத்தனை நாள் எதுவுமே போகாத உடம்புல ஒரேயடியா அதை ஊத்தலாமா? டாக்டரைக் கேட்டுட்டுப் போங்க."

அந்தப் பெண் அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நர்ஸ் எடுத்தார், காத்திருக்கச் சொன்னார், கடைசியில் டாக்டரே பேசினார். அவள் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள். அப்புறம் டாக்டரின் குரல் வக்கீலுக்குக்கூடக் கேட்டது. "கூட்டின அளவு வேண்டாம். முதல்ல எழுதிக் குடுத்த அளவுல குடுங்க, விழுங்கற வரைக்கும் பக்கத்துலயே இருங்க. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. புது மருந்து இப்ப எழுதல." போனை வைக்கும் முன் ஒன்று சேர்த்துக்கொண்டார். "அந்தக் கட்டையைக் கழுவிராதீங்க. எடுத்துட்டு வாங்க, நான் பார்க்கணும்."

வக்கீல் திரும்பித் தொட்டியைப் பார்த்தார். விளிம்பு வரைக்கும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அவர் சொன்னபடி முக்கியிருந்தால் அத்தனை படிவும் ஒரு நிமிஷத்தில் ரோஸ் தண்ணீராகிச் சாக்கடையில் போயிருக்கும். லேப்டாப் சாயங்காலத்துக்குள் ஜம்மென்று ஓடியிருக்கும். குழந்தை சந்தோஷமாக அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, நீங்க உண்மையைத்தான் சொன்னீங்க. நான்தான் கேக்கல. மன்னிச்சுக்குங்க" என்றார்.

அவள் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். போனை மேஜை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். தங்கை எடுத்துக் குழந்தையிடம் கொடுத்தாள்.

"அம்மா, சரியாயிருச்சா?" சின்னக் குரல், அவசரமான குரல்.

"இல்லடா தங்கம். பிரிச்சு வச்சிருக்காங்க."

அப்புறம் இன்னும் சின்னதாக, "உள்ள என்ன இருந்துச்சு?"

"நீ குடிக்காத மருந்து இருந்துச்சு."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. யாரோ அதை மூடினார்கள்.

"ஏண்டா அம்மாகிட்ட சொல்லல?"

"கசக்குதுன்னு சொன்னா நீ அழற" என்றது குழந்தை. "குடிச்சிட்டேன்னா சிரிக்கற."

மோப்பக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வக்கீல் தரையைப் பார்த்தார். அந்தத் தாய் இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டு, போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். கண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. குரலில் மட்டும் ஒரு துளி ஈரம் இல்லாமல் பார்த்துக்கொண்டாள்.

"இனிமே கசந்தா துப்பிடு. வேற எங்கயும் வேண்டாம், என் கையில துப்பு. எவ்வளவு துப்பினேன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும். அம்மா அழ மாட்டேன்."